இருக்கையா, மாணவர் பயணமா, காப்பகமா, மேடையா? ஆப்பிரிக்கப் புலம்பெயர் ஆய்வுக்கு நன்கொடை தர நினைப்போருக்கு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இருக்கைதான், அதாவது நிரந்தர நிதியில் ஓடும் பேராசிரியர் பதவி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டியது, அதில் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, 2018இல் இலக்கை எட்டியது எல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. அதனால் வேறொரு புலத்துக்கு உதவ நினைத்தாலும் மனம் அந்தப் பக்கமே போகிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டும் பிழைப்பு தேடியும் உலகெங்கும் பரவிய மக்களின் வரலாறு, கலை, பண்பாடு பற்றிய பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு உதவ விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் படித்தவர்களாக இருக்கலாம். பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து வீட்டில் பேசுவதைக் கேட்டவர்களாக இருக்கலாம். நீங்கள் கொடுக்கும் தொகைக்குச் சமமாக உங்கள் அலுவலகமும் கொடுக்கும் என்பதால் யோசிப்பவர்களாக இருக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு இருக்கை சரியான தேர்வு ஆகாது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன், நாம் கொடுக்காவிட்டால் அந்தப் பல்கலைக்கழகம் தன் பையிலிருந்து எதற்குக் காசு எடுக்காது என்று கேட்க வேண்டும்.

இந்தப் புலம் பிறந்த விதத்திலேயே அந்தக் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் விளைவாகத்தான் அமெரிக்காவின் முதல் கறுப்பின ஆய்வுத் துறை அங்கே வந்தது. 1969 ஏப்ரலில் கார்னெல் மாணவர்கள் வில்லர்ட் ஸ்ட்ரெய்ட் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு அங்கே ஆப்பிரிக்கானா (ஆப்பிரிக்காவும் அதன் புலம்பெயர் மக்களும் பற்றிய) ஆய்வு மையம் தொடங்கியது. மறு ஆண்டே அதன் கட்டடம் தீவைப்பில் எரிந்தது. ஃபோர்டு அறக்கட்டளை போன்ற பெரிய கைகள் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் போராட்டம் கதவைத் திறக்க ஆரம்பித்த நேரத்தில்தான் பணமும் வந்தது. பல நிர்வாகங்கள் இத்துறைகளை வேண்டி விரும்பி உண்டாக்கவில்லை, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டன. பட்ஜெட் சுருங்கும் ஆண்டில் எங்கே முதலில் கை வைப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இருக்கை

இருக்கைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். 1980களின் முடிவில் ஹார்வர்டின் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறை ஏறக்குறைய படுத்துவிட்டிருந்தது. 1991இல் ஹென்றி லூயி கேட்ஸ் வந்தார். அவரைத் தொடர்ந்து குவாமே ஆந்தனி அப்பையா, ஈவ்லின் ஹிக்கின்பாதம், கார்னல் வெஸ்ட், வில்லியம் ஜூலியஸ் வில்சன் என்று வரிசையாகப் பெரிய பெயர்கள் சேர்ந்தன. பத்து ஆண்டுகளில் துறையின் முகமே மாறியது. நல்ல பேராசிரியர்களைக் கூட்டிவர இருக்கையும் பணமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2002இல் வெஸ்டும் அப்பையாவும் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆள் போனாலும் இருக்கை நிற்கும், அதில் இன்னொருவர் அமர்வார். அது இருக்கையின் பலம்.

எதிர்ப்பக்க உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. சிச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹக்கிம் ஆதி ஆப்பிரிக்க வரலாறும் ஆப்பிரிக்கப் புலம்பெயர் வரலாறும் கற்பிக்கும் முதுநிலை ஆய்வுப் படிப்பு ஒன்றை நடத்தினார். ஆப்பிரிக்க, கரீபியப் பின்னணி கொண்ட, கல்லூரி வயதைத் தாண்டிய பலர் அதில் சேர்ந்து வரலாற்றாய்வுக்குள் வந்தார்கள். 2023இல் பல்கலைக்கழகம் அதற்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. ஆதியின் பணியிடமும் போனது. செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தனக்கென்று ஒரு மூலநிதி (அசலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிதி) இருந்திருந்தால் அந்தப் படிப்பை இவ்வளவு சுலபமாக மூடியிருக்க முடியாது என்று நினைக்கத் தோன்றுகிறது.

சரி, அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் கணக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூலநிதியிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு 4 அல்லது 5 என்ற அளவில்தான் எடுத்துச் செலவழிக்கும். ஒரு லட்சம் டாலர் போட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 4,000 அல்லது 5,000. ஒரு பேராசிரியரின் சம்பளத்தை அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அடியில் பல மில்லியன் இருக்க வேண்டும். அந்த அளவு திரட்டக்கூடிய இடங்கள் ஏற்கெனவே பணக்கார இடங்கள். ஹார்வர்டில் 2013இல் திறந்த ஹட்சின்ஸ் மையத்துக்கு ஒரே கொடையாளி ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தார். அங்கே உங்கள் ஐயாயிரம் டாலருக்கு என்ன வேலை?

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. பேராசிரியர் சம்பளம் பல்கலைக்கழகம் எப்படியும் கொடுக்கக் கடமைப்பட்ட செலவு. நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால், அதுவரை அங்கே போய்க்கொண்டிருந்த அதன் சொந்தப் பணம் சத்தமில்லாமல் வேறு துறைக்கு நகர்ந்துவிடலாம். பெயர்ப்பலகையில் நீங்கள் இருப்பீர்கள், துறையில் ஆள் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பில் காஸ்பியும் கமீல் காஸ்பியும் 1988இல் ஸ்பெல்மன் கல்லூரிக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள். கறுப்பினக் கல்லூரி (கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி) ஒன்றுக்கு அப்படி ஒரு தொகை அதுவரை அரிது. 2015இல், காஸ்பி மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் குவிந்தபோது, அவர்கள் பெயரிலான பேராசிரியர் பதவியைக் கல்லூரி முடித்துக்கொண்டு அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுப்பவர் யாராக இருந்தாலும், நன்கொடையைத் தன் பெயரில் வைக்காமல் புலத்தின் பெயரில் வைப்பதே நல்லது.

மாணவர்

மாணவருக்குக் கொடுப்பதிலும் இரண்டு வகை. கல்லூரிக் கட்டணத்துக்கான உதவித்தொகை ஒன்று, ஆய்வுக்கான பயணச் செலவு இன்னொன்று. முதல் வகையில் பெரிய தொகைகள் வந்துகொண்டிருக்கின்றன. கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டின் கவின்கலைக் கல்லூரிக்கு 2021இல் நடிகர் சாட்விக் போஸ்மனின் பெயர் வைத்தார்கள். அங்கே அவர் பெயரில் உதவித்தொகை வழங்க நெட்ஃபிளிக்ஸ் 54 லட்சம் டாலர் கொடுத்தது. ஸ்பெல்மனுக்கு 2024இல் வந்த 10 கோடி டாலரில் 7.5 கோடி உதவித்தொகைக்குத்தான். நல்லது. தனி ஒருவர் அந்தக் குளத்தில் ஒரு குடம் ஊற்றினால் மட்டம் உயர்வது தெரியாது.

பயணச் செலவு அப்படி இல்லை. இந்தப் புலத்தின் நிலப்பரப்பைப் பாருங்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். அதில் பிரேசிலில் இறங்கியவர்கள் ஏறக்குறைய 48 லட்சம். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் கரையில் நேரே இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் பணமும் துறைகளும் குவிந்திருப்பது அந்தக் கடைசி இடத்தில். அங்கே படிக்கும் மாணவர் பிரேசிலின் சல்வடோர் நகரத்துக்கோ ஹெய்ட்டிக்கோ கானாவுக்கோ போக வேண்டும், போர்ச்சுகீசோ கிரியோலோ கற்க வேண்டும். துறை பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான். மூவாயிரம் டாலர் ஒரு மாணவரின் ஆய்வேட்டையே மாற்றிவிடும்.

பயணப் பணம் என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கேத்தரின் டன்ஹம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் மாணவியாக இருந்த அவருக்கு 1935இல் ரோசன்வால்ட் நிதி உதவித்தொகை கொடுத்தது. அவர் ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி என்று தீவு தீவாகப் போய் ஆட்டங்களையும் சடங்குகளையும் படித்தார். திரும்பி வந்து அவர் உருவாக்கிய நடன முறை இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. ஓவியர் ஜேக்கப் லாரன்ஸும் அதே நிதியைப் பெற்றவர்தான். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெயர்ந்ததை 60 ஓவியங்களாக 1941இல் முடித்தபோது அவருக்கு வயது 23.

இந்த ரோசன்வால்ட் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917இல் இந்த நிதியை அமைத்தார். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் காலாகாலத்துக்கும் நிற்கும் மூலநிதி என்பதே அவருக்குப் பிடிக்காது. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் அசலையும் சேர்த்து எல்லாவற்றையும் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். 1932இல் அவர் இறந்தார். 1948இல் நிதி தன் கணக்கை மூடியது. அதற்குள் சமூகவியலாளர் டு பாய்ஸ், பாடகி மரியன் ஆண்டர்சன், எழுத்தாளர்கள் சோரா நீல் ஹர்ஸ்டன், ரால்ஃப் எலிசன், ஒளிப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் என்று இருபதாம் நூற்றாண்டின் கறுப்பினக் கலை, அறிவுலகத்தில் பாதிப் பேரின் கையில் அந்தப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. சிறு தொகை கொடுப்பவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டாம்: வட்டியில் வாழும் நிதியாக முடக்காமல், ஐந்து ஆண்டுகளில் செலவழித்து முடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சட்டப்படி ஓர் எச்சரிக்கை. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. அதன் பிறகு குறிப்பிட்ட இன மாணவருக்கு மட்டும் என்று எழுதிய உதவித்தொகைகளைப் பல பல்கலைக்கழகங்கள் திருத்தி எழுதின. எனவே யாருக்கு என்று எழுதாமல் எதைப் படிப்பவருக்கு என்று எழுதுங்கள். 'ஆப்பிரிக்கப் புலம்பெயர் கலை, வரலாறு பற்றி ஆய்வு செய்யும் மாணவருக்கு' என்பது போதும்.

காப்பகம்

இதில்தான் என் மனம் அதிகம் சாய்கிறது. பேராசிரியர் பெயரும் மேடையும் கண்ணில் படும். ஈரம் படாத அறையில் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கடிதங்களைப் பிரித்து அடுக்குவது யார் கண்ணிலும் படாது. அதனால் அதற்குக் கொடுப்பவரும் குறைவு.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் வங்கி ஒன்றில் வேலை பார்த்த ஆர்த்துரோ ஷாம்பர்க் தன் சம்பளத்தில் சேர்த்த நூல்களையும் ஆவணங்களையும் 1926இல் கார்னகி நிறுவனம் 10,000 டாலருக்கு வாங்கி நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடுத்தது. ஹார்லெமில் இன்று அவர் பெயரில் நிற்கும் ஆய்வு மையத்தின் அடித்தளம் அந்தப் பத்தாயிரம்தான். பிறகு அவரே நாஷ்வில் நகரின் கறுப்பினக் கல்லூரியான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் சில காலம் இருந்து அங்கும் ஒரு சேகரிப்பை வளர்த்தார். ஹோவர்டின் மூர்லண்ட்-ஸ்பிங்கர்ன் மையம், ஜெஸ்ஸி மூர்லண்ட் 1914இல் கொடுத்த தன் சொந்தப் புத்தக அலமாரியிலிருந்து வளர்ந்தது.

காப்பகத்துக்குக் கொடுப்பதன் பலன் அந்த ஊரோடு நிற்பதில்லை. டு பாய்ஸின் தாள்கள் 1973இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துக்கு வந்தன. வெளியிலிருந்து வந்த நல்கைகளால் அவற்றை மின்வடிவமாக்கி, ஏறத்தாழ ஒரு லட்சம் ஆவணங்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் அதில் இருக்கிறது: அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுக்கும் மனுவின் படி வேண்டும் என்று கேட்கிறார். டு பாய்ஸின் பதிலும் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்து இதை வாசிக்கும் மாணவர் அந்தக் கொடையாளிகள் கணக்கிலேயே இருந்திருக்க மாட்டார்.

காப்பகத்துக்குக் கொடுப்பதென்றால் பொருள் வாங்கக் கொடுக்காதீர்கள், ஆளுக்குக் கொடுங்கள். வகைப்படுத்தும் பணியாளர், மின்வடிவமாக்கும் மாணவர், பழைய ஒலிநாடாவை மாற்றும் செலவு இவைதான் எங்கும் பற்றாக்குறை.

மேடையும் அருங்காட்சியகமும்

கலையும் படிப்பும் ஒன்றாகக் கலந்த இடங்கள் மிகச் சில. பிரௌன் பல்கலைக்கழகத்தில் ரைட்ஸ் அண்ட் ரீசன் நாடக அரங்கு 1970இல் ஜார்ஜ் ஹூஸ்டன் பாஸ் தொடங்கியது. அவர் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸிடம் செயலாளராக இருந்தவர். அது நாடகத் துறையில் இல்லை, ஆப்பிரிக்கானா ஆய்வுத் துறைக்குள் இருக்கிறது. ஆய்வாளரும் நாடகக்காரரும் சேர்ந்து ஆய்விலிருந்தே நாடகத்தைக் கட்டுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாடகத்துக்கான செலவை ஏற்பது எனக்கு உகந்த நன்கொடையாகப் படுகிறது. முடிவு கண்முன் தெரியும், துறையும் வளரும்.

கலைப்பொருளைக் கொடுப்பது வேறு கதை. ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அதற்குப் பாடமாக இருக்கிறது. அந்தக் கல்லூரியைக் காப்பாற்றியதே கலைதான்: 1871இல் கடனில் மூழ்கியபோது அதன் மாணவர்கள் ஜூபிலி பாடகர் குழுவாகக் கிளம்பி, அடிமைக் காலத்து ஆன்மிகப் பாடல்களைப் பாடிப் பணம் சேர்த்தார்கள். ஜூபிலி ஹால் அந்தப் பணத்தில் எழுந்தது. 1949இல் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப், மறைந்த கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் சேகரிப்பிலிருந்து 101 படைப்புகளை இதே ஃபிஸ்க்குக்குக் கொடுத்தார். செசான், பிக்காசோ, ஆப்பிரிக்கச் சிற்பங்கள் எல்லாம் அதில் உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார முடியாத நாஷ்வில் நகரில், ஒரு கறுப்பினக் கல்லூரியின் சுவரில் பிக்காசோ! விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

பராமரிக்கக் காசு இல்லை. 2005 வாக்கில் ஃபிஸ்க் இரண்டு ஓவியங்களை விற்க முயன்றது. நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012இல் ஆர்க்கன்சாவின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்கு 3 கோடி டாலருக்குப் பாதி உரிமையைக் கொடுத்தார்கள்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேகரிப்பு இடம் மாறுகிறது. ஓகீஃபின் மனம் பெரியது, சந்தேகமில்லை. யானையைக் கொடுத்தவர் தீனிக்கு வழி சொல்லவில்லை என்பதுதான் குறை. பொருளைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதைக் காக்கும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். முடியாதென்றால் நிபந்தனையையாவது விட்டுவிடுங்கள். பெருங்கொடையாளி மெக்கன்சி ஸ்காட் 2020இல் ஹோவர்டுக்கு 4 கோடி டாலரை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார். சிறு கல்லூரிகளுக்கு அதுபோன்ற பணம்தான் மூச்சு.

யார் கையில் கொடுப்பது

வாங்குவது துறையா, நிரலா, மையமா என்று பார்க்க வேண்டும். தனித் துறை தன் பேராசிரியர்களைத் தானே நியமிக்கும். நிரல் என்பது துறை ஆகாத படிப்புத் திட்டம்; மற்ற துறைகளிடம் பேராசிரியர்களைக் கடன் வாங்கி நடக்கும். பிரின்ஸ்டனில் 1969இல் நிரலாகத் தொடங்கியது 2006இல் மையமாகி, 2015இல்தான் துறையானது. நிரலாக இருக்கும் இடத்தில் உங்கள் பணத்துக்கு அதிக வேலை உண்டு, ஆபத்தும் அதிகம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசியலையும் பாருங்கள். ஃபுளோரிடா 2023 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை ஏற்க மறுத்தது. டெக்சாசில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ (பல்வேறு பின்னணியினரையும் சேர்த்துக்கொள்வதற்கான) அலுவலகங்களுக்குத் தடை. பாடம் கற்பிப்பதையும் ஆய்வையும் அந்தச் சட்டம் தொடவில்லை என்றாலும் பயம் பரவியது. இப்படிப்பட்ட மாநிலங்களில், வளாகத்துக்குள் இருந்தாலும் சட்டப்படி தனி அமைப்பாக இருக்கும் இடங்கள் எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகின்றன. அமிஸ்டாட் ஆய்வு மையம் 1966இல் ஃபிஸ்க்கில் தொடங்கி, நியூ ஆர்லியன்ஸுக்குப் பெயர்ந்து, 1987 முதல் டியூலேன் வளாகத்தில் இருக்கிறது. தன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாற அதனால் முடிந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே கொடுக்கவும் யோசிக்கலாம். சல்வடோரில் பாஹியா கூட்டரசுப் பல்கலைக்கழகத்தின் ஆஃப்ரோ-கிழக்கு ஆய்வு மையம் 1959இலேயே வந்தது. அமெரிக்க வேலைநிறுத்தங்களுக்கு ஒன்பது ஆண்டு முந்தியது. 2010இல் பிரேசில் அரசு உனிலாப் என்ற பல்கலைக்கழகத்தை ரெடென்சாவ் நகரில் தொடங்கி, போர்ச்சுகீசு பேசும் ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே டாலர் அதிக தூரம் போகும். ஆனால் அமெரிக்காவில் வரி கட்டுபவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக வரிச்சலுகை கிடையாது. இடையில் ஓர் அமெரிக்க அறநிறுவனம் வேண்டும்.

இந்தியப் பெருங்கடல் பக்கம் இந்தப் புலம் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்து அகமத்நகரை ஆட்டிவைத்த மாலிக் அம்பர், கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள், இலங்கையில் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் மாஞ்சா என்ற பாட்டைப் பாடும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் எல்லாரும் இதே வரலாற்றின் ஆட்கள்தான். பயண உதவித்தொகைக்குப் பணம் கொடுக்கும் தமிழர் 'இந்தியப் பெருங்கடல் உட்பட' என்ற மூன்று சொற்களை நோக்கப் பகுதியில் சேர்க்கலாம். யாரும் மறுக்கப் போவதில்லை.

என் பிரிப்பு

ஐயாயிரம் டாலருக்குள் என்றால் மாணவர் பயணம், அதுவும் ஒரு சிறு நிரலில் அல்லது கறுப்பினக் கல்லூரியில், உடனே செலவழிக்கும் பணமாக. அலுவலகம் ஈடு செய்யும் என்றால் அந்தப் படிவத்தை ஆண்டு முடிவதற்குள் போட்டுவிடுங்கள். இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்றால் காப்பகத்தில் ஒரு பணியாளருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் பங்கு, மீதி ஒரு நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ. மில்லியன்களில் பேசுபவர் இருக்கையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஹார்வர்டைத் தேடிப் போகாமல், சிச்செஸ்டர்போல ஒரே ஒருவரை நம்பி ஓடும் படிப்பைத் தேடுங்கள்.

எந்தத் தொகையானாலும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்தப் பணம் இருக்கும் பட்ஜெட்டுக்கு மேலே சேர வேண்டும், அதற்குப் பதிலாகப் போகக் கூடாது. துறை இணைக்கப்பட்டால் அல்லது மூடப்பட்டால் பணம் எங்கே போகும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அருகிலுள்ள கறுப்பினக் கல்லூரியின் நூலகத்தைக்கூட எழுதலாம். நன்கொடையிலிருந்து நிர்வாகக் கட்டணமாக எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பிடிக்கிறார்கள், கேட்காதவரிடம் அவர்களாகச் சொல்வதில்லை.